வெறும் வலைப் பாட்டு

என் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடந்ததன் பாரதூரம் உங்களுக்கு விளங்காது. காகம் கரைவதற்கும் நான் பாடுவதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருந்தது. காகத்தை யாரும் பாடகர் குழுவில் சேர்க்கவில்லை, என்னைச் சேர்த்திருந்தார்கள். சின்ன வயதில் எனக்கு மூச்சிழுப்பு இருந்தது. இழுப்பு மாறினால் பிள்ளையைக் கோயில் பாட்டுக்கு விடுகிறேன் என்று அம்மா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். அந்தோனியார் தன் பங்கை ஒழுங்காகச் செய்துவிட்டார். அதன் பலனை ஞாயிறு தவறாமல் எங்கள் கோயில் சனம் அனுபவித்தது.

கோயிலில் ஓகன் பெட்டி வாசிக்கும் அக்காதான் பாடகர் குழுவுக்குப் பொறுப்பு. நேர்த்தியை மறுக்கவும் முடியாமல், என்னைச் சகிக்கவும் முடியாமல் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"வாயை மட்டும் அசை ராசா. சத்தம் வேணாம். ஆண்டவருக்கு உன்ட மனசு கேக்கும். எங்களுக்கு ஒண்டும் கேக்காட்டிப் போதும்."

அப்படித்தான் நான் வாயசைப்பில் கைதேர்ந்தவனானேன். என்னைப் பார்த்தால் குழுவிலேயே நான்தான் உருகிப் பாடுகிறேன் என்று எவரும் சத்தியம் செய்வார்கள்.

எங்களுடையது கற்பிட்டிப் பக்கம், ஒரு கையில் கடலும் மறுகையில் களப்புமாகக் கிடக்கும் மணல்திட்டு. எங்கள் வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி. வேலியில் நான் புகுந்து போகும் அளவுக்கு ஒரு பொட்டு. நான் வளர வளரப் பொட்டும் வளர்ந்தது. மாமா அம்மாவின் தம்பி, சொந்தமாக ஒரு எஞ்சின் போட் வைத்திருந்தார். மாமி வண்ணாத்திவில்லுக்காரி, கச்சான் கடலையும் மிளகாயும் பயிரிடுகிற குடும்பம். கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னர்தான் ஞானஸ்நானம் பெற்றவர். கல்யாணமாகி எத்தனையோ வருசமாகியும் ஊர் அவரை "தோட்டக்காரி" என்றுதான் சொன்னது.

நாங்கள் பிறவிக் கத்தோலிக்கர். ஆகவே வேதாகமத்தைத் திறக்க வேண்டிய தேவை எங்களுக்கு ஏற்பட்டதில்லை. அலுமாரியின் மேல்தட்டில் பத்திரமாக வைத்திருந்தோம். மாமியோ அடுத்து என்ன நடக்கப் போகிறதோ என்ற பதைப்போடு அதைப் படித்தார். படித்ததை வேலிக்கு மேலால் அம்மாவுக்கும் சொல்லுவார்.

"அக்கா, பேதுருவிட மாமியாருக்குக் காய்ச்சலாம். பாருங்க, மாமியாரை வீட்டிலயே வச்சுப் பாத்திருக்கிறார் மனுசன்!"

"ஓ, அதாலதான் வலையும் தோணியுமா கடலே கதியெண்டு கிடந்திருப்பார்," என்பார் அம்மா.

படித்தது மனதில் ஊறி, சில நாளில் பாட்டாக வரும். முற்றத்துப் பாயில் கருவாடு புரட்டும்போது முதலில் மெட்டுத்தான் வரும். பிறகு சொல் வரும். கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை உருவிக் கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதுவார். மெட்டு மறந்துபோகாமல் மாமாவின் போனில் பாடிப் பதிந்து, ஓகன் அக்காவிடம் கொடுப்பார். பதிவில் பின்னணிக்குக் காகங்களும் சேர்ந்துகொள்ளும். மாதாவைப் பற்றிய ஒரு பாட்டில்,

கருவாடு காயும் முற்றத்திலே
காவல் நிற்கும் தாயே

என்று எழுதியபோது, மாதாவையும் கருவாட்டையும் ஒரே மூச்சில் பாடுவதா என்று சில பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். பாதர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அவர் சிங்களத்தில் பிறந்து தமிழைப் புத்தகத்தில் கற்றவர். கருவாடு அவருக்குப் பிடிக்கும்.

இனி எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போய் வலையில் மீன் ஒன்றும் படாமல் வந்தால் எங்கள் ஆண்கள் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள். "வெறும்" என்ற சொல்லும் வாயில் வராது. கடல் கேட்டுக்கொண்டிருக்குமாம், கேட்டால் அதையே திரும்பத் தருமாம். "கறிக்கு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போவார்கள். அதைக் கேட்ட பெண்கள் மறுபேச்சில்லாமல் பருப்பை அடுப்பில் வைப்பார்கள். கறிக்கு இருக்கிறது என்றால் கறியில் ஏன் இல்லை என்று நான் ஒருமுறை கேட்டு, அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

அந்த வருசம் மாமா வீட்டில் பருப்பாகவே போய்க்கொண்டிருந்தது. மற்றப் போட்டுகளுக்கு ஏதோ பட்டது. மாமாவின் வலைக்கு மட்டும் கடல் முகம் கொடுக்கவில்லை. மனுசன் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முன்பெல்லாம் என் தலையில் தட்டி "என்ன பாகவதர்?" என்று கேட்பவர், இப்போது என்னைத் தாண்டிப் போய் வலைக்குப் பக்கத்தில் குந்திவிடுவார். சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொள்வார். ஒருநாள் பின்னேரம் மாமி தட்டோடு நின்று கேட்டது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"ஊருக்குச் சொல்லுறதையே எனக்கும் சொல்லுறீங்க. எனக்குமா கறிக்கு இருக்கு?"

மாமா தட்டை வாங்கி, வலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் மாமி அந்தப் பாட்டைத் தொடங்கினார். இரவெல்லாம் வலை போட்டு அலுத்துப்போன பேதுருவை, திரும்பவும் போடச் சொல்லி இயேசு ஆழத்துக்கு அனுப்புகிற கதை. கருவாடு புரட்டப் புரட்ட, மாமி அதைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தார். பக்கத்தில் காகம் துரத்துகிற உத்தியோகம் எனக்கு. ஆகவே ஓகன் அக்காவுக்கு முன்பே எனக்குப் பாட்டு மனப்பாடம்.

இராவெல்லாம் வீசினோம், வெறும் வலை ஐயா
வெறுங்கையாய்க் கரை வந்தோம், வேறு யார் ஐயா

அடுத்த சரணத்தில், உம் சொல்லை நம்பி இன்னொருதரம் வீசுவோம் என்று போட்ட வலை நிறைந்து பாரமாகும். அந்தோனியார் திருநாளன்று தீர்த்தம் தெளித்துப் போட்டுகளை மந்திரிக்கும்போது இதைப் பாடுவது என்று பாதர் முடிவு செய்தார். மாமியின் முகத்தை அன்று பார்க்க வேண்டும். கருவாட்டைப் புரட்டியதையே திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பாட்டுப் பழகிய முதல் நாளே கோயில் வாசலுக்குக் கரைவலைகளுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஆண்கள் கொஞ்சப் பேர். அவர்களுக்கும் பின்னால், தலையைக் குனிந்தபடி, மாமா.

"தங்கச்சி, பாட்டு நல்லாத்தான் இருக்கு. குறை சொல்ல வரேல்ல," என்றார் சம்மாட்டியார். "ஆனா போட் மந்திரிக்கிற நாளில, கடலுக்கு முன்னால நிண்டு, இந்தச் சொல்லையா பாடுறது?"

"நான் சொல்லேல்ல ஐயா. பேதுருதான் சொன்னவர்."

"அவர் கலிலேயாவில சொன்னவர். அது ஏரி. இது கடல்."

இதற்கு வேத சாஸ்திரிகளாலும் பதில் சொல்ல முடியாது. கூட்டத்தில் ஒருவர், "வீட்டில நடக்கிறதக் கோயில்ல பாடுறா போல" என்று இழுத்தார். மாமாவின் காது சிவந்தது. மாமி மாமாவை ஒருமுறை பார்த்தார். மாமா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதர் கையைத் தூக்கினார். "முதற் சரணம் வேண்டாம். இரண்டாவதிலிருந்து ஆரம்பிப்போம். எல்லாருக்கும் சமாதானம்."

"சரி பாதர்," என்றார் மாமி. வீட்டுக்கு வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்குச் சொல்வதுபோல, "பசியச் சொல்லாமச் சோத்தைப் பாடச் சொல்லுறாங்க" என்றார். எனக்கு அப்போது உண்மையிலேயே பசித்தது. ஆகவே ஓம் என்று தலையாட்டினேன்.

திருநாளன்று காலையில் போட்டுகளெல்லாம் கரையில் வரிசையாக நின்றன. கலர்க் கடதாசிக் கொடிகள், பிளாஸ்டிக் பூக்கள், எஞ்சினுக்கும் மாலை. மாமாவும் தன் போட்டின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பாடகர் குழுவை மணலில் நிறுத்தினார்கள். உயரத்தில் நான்தான் கட்டை என்பதால் முன்வரிசை. தடியொன்றில் கட்டிய மைக் சரியாக என் மூக்குக்கு நேரே வந்தது. வாயசைக்கிறவன் முன்னால் மைக் இருந்தால் என்ன மோசம் என்று ஓகன் அக்கா நினைத்திருப்பார். அவரில் பிழை இல்லை.

பாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். ஓகன் மெட்டை வாசித்து நின்றது. அக்கா கையை உயர்த்தினார். குழு மூச்சை இழுத்தது. நாளெல்லாம் கேட்ட பழக்கத்தில் என் வாய் முதற் சரணத்துக்குத்தான் திறந்தது. அதுவும் பரவாயில்லை, சத்தமில்லாமல் முடிந்திருக்கும். சரியாக அந்த நேரம் ஒரு கை தீர்த்தம் குளிர்ந்துபோய் என் முகத்தில் சளீரென்று விழுந்தது. உள்ளேயிருந்த குரல் திடுக்கிட்டு வெளியே வந்துவிட்டது.

"இராவெல்லாம் வீசினோம், வெறும் வலை ஐயா!"

தென்னையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி அதை அப்படியே வாங்கி, கடலுக்கு எறிந்தது. கரையிலிருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. சொந்தக்காரர் யாரோ கூப்பிடுகிறார் என்று நினைத்திருக்கலாம். அக்காவின் விரல்கள் ஓகனில் ஒட்டிக்கொண்டன. சம்மாட்டியார் சிலுவை போட்டுக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். அவர் பொத்தியது அழுகையையா சிரிப்பையா என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் முழுவதும் என்னைப் பார்த்தது. எனக்கு அடுத்த வரி மறந்துபோயிற்று. அடி விழப்போவது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அப்போது போட்டுகளின் பக்கமிருந்து அடுத்த வரி வந்தது.

"வெறுங்கையாய்க் கரை வந்தோம்..."

மாமா. கோயிலில் எப்போதும் கடைசித் தூணோடு நின்று, தலையைக்கூட ஆட்டாத மாமா. குரல் கரகரத்து, மெட்டைவிட்டு எங்கேயோ போனது. என் குரல் எந்த வழியில் வந்தது என்று ஊருக்கு அன்று விளங்கியது. அவர் கடலைப் பார்த்துப் பாடவில்லை. போட்டில் வைத்த கையை எடுக்காமல், திரும்பிப் பெண்கள் நின்ற பக்கம் பார்த்துப் பாடினார். "வேறு யார் ஐயா" என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது.

விட்ட இடத்திலிருந்து பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கருவாட்டுக்கு முகம் சுளித்தவர்களும் பாடினார்கள். முதற் சரணத்தைத் திரும்ப முதலிலிருந்து, வெறும் வலை என்ற இடத்தில் அழுத்தி, தங்கள் சொந்தக் கதையைச் சொல்வதுபோலப் பாடினார்கள். ஓகன் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. பிறகு ஆண்களில் ஒருவர், இன்னொருவர். சம்மாட்டியார் வாயை மட்டும் அசைத்தார் என்று நினைக்கிறேன். அந்தக் கலையில் எனக்கு அனுபவம் உண்டு. மாமி மட்டும் பாடவேயில்லை. தலைப்பை வாயிலிருந்து எடுக்காமல் நின்றார்.

எனக்கு அடி விழவில்லை. பதிலாகத் தொதல் இனிப்புத் துண்டொன்று கிடைத்தது. ஆகவே ஊரையே நான்தான் பாடவைத்தேன் என்று பள்ளிக்கூடத்தில் வெகுநாள் சொல்லித் திரிந்தேன். அந்தப் பாட்டை இன்றும் எங்கள் கரையில் இரண்டு சரணமாகத்தான் பாடுகிறார்கள். போன திருநாளுக்கும் போயிருந்தேன். வாயசைத்துவிட்டு வந்தேன்.

திருநாள் முடிந்த கிழமையில் ஒருநாள் மாமா கடலால் வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் மாமியின் குசினி வாசலில், இன்றைக்காவது பொரித்த மீன் கிடைக்கும் என்று தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். உள்ளேயிருந்து மாமி கேட்டார்.

"என்ன பட்டது?"

வாளித் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"ஒண்டுமில்ல," என்றார் மாமா. வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு கூனிறால்கூட இல்ல."

உள்ளே மாமி சிரித்தார். கிணற்றடியில் மாமாவும் சிரித்தார். மாமி கரண்டியோடு வெளியே வந்து கவிழ்த்த வாளியில் குந்த, மாமா ஈரக் காலோடு பக்கத்து மணலில் இருந்தார். வலை எங்கே போட்டது, நீரோட்டம் எப்படி இழுத்தது, எஞ்சின் எங்கே அடம்பிடித்தது என்று அவர் சொல்லச் சொல்ல, மாமி கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. அந்த இரண்டு பேருக்கும் அந்த மணம் எட்டவேயில்லை.

ஒன்றும் படாமல் வந்த மனுசனுக்கு எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. வெறும் தட்டைத் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டால் புகுந்து வந்து, அம்மாவிடம் முறையிட்டேன்.

"மாமாக்கு இண்டைக்கும் மீன் இல்லயாம். அதுக்கு ரெண்டு பேரும் இருந்து சிரிக்கினம்!"

அம்மா வேலிக்கு மேலால் ஒருமுறை எட்டிப் பார்த்தார். என் தட்டில் சோற்றைப் போட்டு, கேட்காமலே பெரிய மீன் துண்டொன்றை வைத்து, என்னை அடுத்த பக்கம் திருப்பி இருத்தினார்.

"நீ அங்க பாக்காமச் சாப்பிடு," என்றார்.