கும்மிடிப்பூண்டியிலிருந்து மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போய்வந்தேன்

இந்த வலைப்பூவில் இதுவரை எழுதியதெல்லாம் பழவேற்காடு படகு, தடா அருவி, திருத்தணி வழியாகப் பொதட்டூர்பேட்டை என்று ஒரே நாளில் போய்த் திரும்பும் ஊர்கள்தான். இது வேறு மாதிரிப் பயணம். சென்ற ஆண்டு ஜூன் மாதம் மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போனேன். அங்கிருந்து வேப்பம்பட்டில் அக்கா வீட்டுக்கு வந்து, ஐந்து வாரம் தங்கி, ஊர் திரும்பினேன். போவதற்கு முன் தமிழில் யாராவது அனுபவத்தை எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். விளம்பரம்தான் கிடைத்தது. அதனால் நானே எழுதுகிறேன்.

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். வயது முப்பத்தாறு. ஒன்பது வயதில் ஒரு மகள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரி பாகம் செய்யும் ஆலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை, எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே. இரண்டு தோளிலும் உள்ளாடைப் பட்டி அழுத்தி விரல் வைக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. கோடையில் மார்புக்கடியில் வேர்த்து, புண்ணாகி, பவுடர் போட்டு, மறுபடி புண்ணாகும். ஆலையில் கொடுக்கும் மேல்கோட்டு மார்பில் பொத்தான் விழ வேண்டுமென்றால் ரொம்பப் பெரிய அளவாக எடுக்க வேண்டும். அப்போது தோள் முழங்கை வரைக்கும் தொங்கும்.

இதையெல்லாம் பதினைந்து வருடம் சகித்துக்கொண்டவளைப் போக வைத்தது தடா அருவிப் பாறைதான். குனிந்து இறங்கும்போது கால் எங்கே வைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மார்பு மறைத்தது. வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. கட்டுப் போட்ட பெண் மருத்துவர் காலைப் பார்த்து முடித்துவிட்டு, "கழுத்து வலி எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார். நான் கழுத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தே கேட்டிருக்கிறார். இப்படி ஒரு அறுவை சிகிச்சை உண்டு, அரசு மருத்துவமனையிலேயே செய்கிறார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

என் கணவர் அதே தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வேணாம்னு சொல்லல எஸ்தர். நல்லா கீற ஒடம்ப அறுக்கிறாங்களேன்னு பயமா கீது."

"நல்லா இல்ல. அதான் போறேன்."

"சரி, நானும் வரேன்" என்றார். முதல் தடவை அவரும்தான் வந்தார்.

அக்காவிடம் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. ராகேல் அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. வேப்பம்பட்டில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். "ஆண்டவர் குடுத்த ஒடம்புடி. அதுல போயி கைய வைக்கலாமா?" என்று போனை வைத்துவிட்டாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள். "உங்க ஊட்ல மாடிப்படி கீது. ஆபரேசன் முடிஞ்சி நேரா இங்க வந்துடு."

இனி பயணம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்குப் புறநகர் ரயிலில் பதினைந்து ரூபாய், ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். காலை ஆறேகாலுக்கு ஏறினோம். கும்மிடிப்பூண்டியில் உட்கார இடம் உண்டு. மீஞ்சூர் தாண்டினால் கிடையாது. சென்ட்ரலிலிருந்து ஆட்டோவுக்கு நூற்று இருபது ரூபாய். எட்டு மணிக்குள் புறநோயாளி சீட்டு வாங்கிவிட்டால் பத்தரைக்கு டாக்டரைப் பார்த்துவிடலாம். ஒன்பதுக்கு மேல் போனால் மதியம் ஆகிவிடும். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு எங்கே என்று கேட்டாலே வழி சொல்வார்கள்.

டாக்டரம்மா என்னை நிற்க வைத்து அளந்தார். கழுத்தெலும்புக் குழியிலிருந்து மார்புக் காம்பு வரை, காம்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு வரை, தோளின் அகலம், உயரம், எடை. பக்கத்தில் ஒரு செவிலியர் எழுதிக்கொண்டார். கூச்சம் முதல் ஐந்து நிமிடம்தான். பிறகு தையற்காரரிடம் அளவு கொடுப்பது போல் ஆகிவிட்டது.

"எவ்ளோ சின்னதா முடியுமோ அவ்ளோ சின்னதா பண்ணிடுங்க மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "கோவத்துல சொல்றீங்க. உங்க தோள் அகலம், இடுப்பும் அகலம். ரொம்பக் குறைச்சா மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளு மாதிரி தெரியும். அதுவும் இல்லாம காம்புக்கு ரத்தம் போற பாதைய நாங்க விட்டு வைக்கணும். அதுக்கு மேல குறைக்க முடியாது. உங்க உடம்புக்கு எது சரியோ அதத்தான் பண்ணுவோம்."

அளவு என்றால் உள்ளாடைக் கடையில் சொல்லும் எழுத்து என்று நினைத்திருந்தேன். அது மொத்த உடம்பின் கணக்கு என்று அன்றுதான் தெரிந்தது. மறைக்காமல் மற்றதையும் சொன்னார். தழும்பு இருக்கும்: காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து கீழே ஒரு கோடு, அடிமடிப்பில் ஒரு கோடு. தொடு உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். இனிமேல் குழந்தை பெற்றால் தாய்ப்பால் போதாமல் போகலாம். இரண்டு பக்கமும் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்காது. அந்த இடத்தில் என் கணவர்தான், "அவங்களுக்கு வலி போவுமா மேடம்?" என்று கேட்டார். "பெரும்பாலும் போகும்" என்றார் டாக்டரம்மா.

ரத்தப் பரிசோதனை, மார்பக ஸ்கேன், மயக்க மருந்து டாக்டர் என்று இன்னும் மூன்று தடவை போக வேண்டியிருந்தது. பிறகு நாலு மாதம் காத்திருந்தேன். தேதி வந்ததும் அக்கா துணைக்கு வந்தாள். பெண்கள் வார்டில் பெண்தான் துணைக்கு இருக்க முடியும்.

அறுவை சிகிச்சை அன்று காலை என்னை நிற்க வைத்து மார்பில் பேனாவால் கோடு போட்டார்கள். படுத்தால் எல்லாம் இடம் மாறிவிடும் என்பதால் நின்றபடிதான் போடுவார்களாம். மயக்க மருந்து கொடுத்தபின் எனக்கு எதுவும் தெரியாது. மூன்றரை மணி நேரம் ஆனதாக அக்கா சொன்னாள். வலது பக்கம் எடுத்தது எழுநூற்று எண்பது கிராம், இடது பக்கம் எண்ணூற்று அறுபது. கண் விழித்ததும் வாந்தி வந்தது, மார்பில் எரிச்சல் இருந்தது, இரண்டு பக்கமும் கசிவு வடிய ஒரு குழாய். ஆனால் செவிலியர் தூக்கி உட்கார வைத்தபோது கழுத்து லேசாக இருந்தது. பிடரியில் யாரோ வைத்திருந்த கையை எடுத்தது போல. வலியோடு அழுதேன், அக்கா பயந்துவிட்டாள். "இன்னாடி, ரொம்ப நோவுதா?" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

இரண்டாம் நாள் குழாயை எடுத்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருத்துவமனையிலிருந்து வேப்பம்பட்டு சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். ரயிலில் போகலாம் என்று நினைக்காதீர்கள், நெரிசலில் ஒரு முழங்கை பட்டால் போதும். வாடகைக் கார் ஆயிரத்து நானூறு ரூபாய். அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாக ஒன்றரை மணி நேரம். சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவே ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அதை அணைத்துப் பிடித்தேன்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். "ஹார்ட் ஆபரேசனாக்கா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "தோள் வலிக்கு" என்றாள். "என் சம்சாரத்துக்கும் தோள் வலிதான். பேஜாரு. டாக்டர்கிட்ட வான்னா வரமாட்டுது" என்றார் அவர். அதன்பிறகு வேகத்தடை வந்தால் முன்கூட்டியே, "ஸ்பீட் பிரேக்கர் வருது, புடிச்சிக்கோங்க" என்று சொல்லிச் சொல்லி ஓட்டினார்.

வேப்பம்பட்டில் முதல் இரண்டு வாரம் மல்லாந்துதான் படுக்க வேண்டும், முதுகுக்கு மூன்று தலையணை வைத்து. கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது, அதனால் தலை வாருவது அக்கா. அழுத்தமான உள்ளாடையை ஆறு வாரம் இரவும் பகலும் போட வேண்டும். ஒன்று ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய், கட்டாயம் இரண்டு வாங்குங்கள். பத்தாம் நாள்தான் முழுதாகக் கண்ணாடி பார்த்தேன். மார்பு வீங்கி, சதுரமாக, மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. பயப்படாதீர்கள், அது இறங்கி வடிவத்துக்கு வர ஆறு மாதம் ஆகும். இன்னொன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மார்பு குறைந்ததும் வயிறு வெளியே தெரிந்தது. இத்தனை வருடம் அதன் நிழலில் சுகமாக இருந்திருக்கிறது. "இது எப்போ வந்துச்சி?" என்று கேட்டேன். "அது எப்பவுமே கீது. உனக்குத்தான் தெரியல" என்றாள் அக்கா.

பதினெட்டாம் நாள் கட்டு மாற்றும்போது, இடது பக்கம் இரண்டு கோடுகளும் சேரும் இடத்தில் தையல் விட்டு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் திறந்திருந்தது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள். மறுபடி கார், மறுபடி மருத்துவமனை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இந்த எடத்துல இழுவை அதிகம், பல பேருக்கு இப்படி ஆகும். சீழ் இல்ல, காய்ச்சல் இல்ல. தினமும் சுத்தம் பண்ணிக் கட்டுங்க, மூடிக்கும்" என்றார். இரண்டு வாரத்தில் மூடியது. அந்த நாட்களில் நான் தூங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காய்ச்சலோ சீழோ சிவப்போ வந்தால் வீட்டில் உட்கார்ந்து பார்க்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

தினமும் காலையில் கட்டு மாற்றியது அக்காதான். நாளாக நாளாக அவள் என் தழும்பைப் பார்க்கும் விதம் மாறியது. ஒருநாள் கட்டை ஒட்டிவிட்டு, கையைக் கழுவாமல் அப்படியே நின்றாள்.

"இதுக்கு வயசு வரம்பு ஏதும் கீதா?"

"யாருக்குக் கேக்கறே?"

மாவுக் குண்டானைத் தூக்கப் போய்விட்டாள். அவள் குனிவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, பக்கவாட்டில் குனிந்தாள். முப்பத்தாறு வருடமாக என் அக்கா. எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி உடம்பு என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. நாங்கள் ஒரு நாளும் இதைப் பற்றிப் பேசியதில்லை.

ஐந்தாவது வாரப் பரிசோதனைக்கு ரயிலிலேயே போனோம். சீட்டு கொடுக்கும் இடத்தில் நான் ஒன்று வாங்க, அக்கா தன் பெயரில் ஒன்று வாங்கினாள். டாக்டரம்மா என்னை முடித்துவிட்டு, "உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று அவளைக் கேட்டார். அக்கா புடவைத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வாயெடுத்தேன், டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா சொன்னாள்: "பதினஞ்சு வருஷமா மல்லாந்து படுக்கல மேடம். மூச்சு முட்டுது."

அவளுக்கு உடனே தேதி கிடைக்கவில்லை. சர்க்கரை அதிகமாக இருந்தது. குறைத்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் புண் ஆறாது என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அக்கா காலையில் ஸ்டேஷன் ரோட்டில் செவ்வாப்பேட்டைப் பக்கம் நடக்கிறாள். சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது. செய்துகொள்வாளா மாட்டாளா என்று தெரியவில்லை, அது அவள் முடிவு. முன்பு அவளுக்கு அப்படி ஒரு முடிவு இருப்பதே தெரியாது.

நான் எட்டாவது வாரம் வேலைக்குப் போனேன். முதல் மாதம் பெட்டி தூக்கும் வேலை வேண்டாம் என்று டாக்டர் கடிதம் வாங்கிக் கொடுத்தேன், மேற்பார்வையாளர் ஒன்றும் கேட்கவில்லை. இடது காம்பில் இன்னும் உணர்ச்சி முழுதாக வரவில்லை. தழும்பு சிவப்பிலிருந்து பழுப்புக்கு மாறியிருக்கிறது. கழுத்து வலி இல்லை.

போகப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை நாலு எடுத்துப் போங்கள், எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "சின்னதாக வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களால் எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல டாக்டர் என்றால் காத்திருப்பார்.