ஆறாவது மாடி

எழுபத்தெட்டாம் ஆண்டுக் கோடை வரை உத்திரமேரூரில் எங்கள் தெருவிலேயே மாடி வைத்த வீடு எங்களுடையது மட்டும்தான். மாடி என்றால் ஒற்றை அறை. கீழே நெல் மூட்டைக்கு இடம் போதாமல் கட்டியது. ஆனாலும் பள்ளியில் நான் மாடிவீட்டுப் பெண். அந்தப் பெயர் எனக்குப் பெரிது.

அந்த மே மாதம், பாண்டிச்சேரியில் வாழ்க்கைப்பட்டுப் பாரிசுக்குக் குடிபோன அத்தை, மகளோடு வந்தாள். அத்தை மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவள் கொண்டுவந்த கெட்டி அட்டைப் புத்தகத்தில், பாரிஸ் நகரம் காலங்காலமாக எப்படி இருந்தது என்று படங்கள். பாலத்தின் மேலேயே வீடுகள், குதிரை வண்டிகள், தெருவிளக்கு ஏற்றுகிறவன். தெருப் பிள்ளைகள் என்னை விட்டுவிட்டு அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

நடுப்பக்கத்தில், நூறு வருஷத்துக்கு முந்தைய வீடொன்றைப் பலாப்பழம்போல் பிளந்து உள்ளே காட்டியிருந்தது. முதல் மாடியில் சரவிளக்கு, பியானோ. மேலே போகப் போக அறைகள் சிறுத்தன. உச்சியில், ஒழுகும் கூரைக்குக் கீழே ஒருத்தி பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வூடு இதுல எங்க கீது?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

அத்தை மகள் உச்சியில் விரலை வைத்தாள். "இதுமாதிரி வீடுதான். நாங்க ஆறாவது மாடி."

பக்கத்து வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள். "இவுளுது ஒரே மாடிதான்."

முதல் மாடிக்காரர்கள் வீட்டுக்குத் தன் அம்மா தினமும் காலையில் போவாள் என்றும் அத்தை மகள் சொன்னாள். அங்கேயும் இவர்களுக்குச் செல்வாக்கா என்று எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் மதியம் எல்லோரும் கண்ணயர்ந்திருந்தபோது, நான்கு சோற்றுப் பருக்கைகளை நசுக்கி, நோட்டுக்கு ஒட்டும் லேபிள் ஒன்றை அந்த உச்சி மாடியின் மேல் ஒட்டினேன். ஓரம் கோணாமல்தான் ஒட்டினேன்.

சாயங்காலமே அகப்பட்டுக்கொண்டேன். வீட்டில் லேபிள் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். "இன்னாடி வேல இது?" என்று அம்மா என் காதைத் திருகிவிட்டு, தண்ணீர் தொட்டு உரிக்கப் போனாள். அத்தை மகள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் மாமி, இருக்கட்டும். இப்பதான் நல்லாருக்கு."

லிஃப்ட் இல்லாத காலத்தில் கட்டிய அந்த வீடுகளில் ஏற ஏற ஏழ்மை என்பதும், உச்சி அறைகள் வேலைக்காரர்களுக்கானவை என்பதும், அத்தை தினமும் முதல் மாடிக்கு இறங்கியது தரை துடைக்க என்பதும் எனக்கு நாற்பது வயதுக்குமேல்தான் தெரிந்தது. அன்று அத்தை மகள் 'இப்பதான் நல்லாருக்கு' என்றதைத் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன். அவர்கள் கிளம்பிய காலையில் லேபிளின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. யாரும் பார்க்காதபோது இன்னொரு பருக்கை வைத்து அழுத்திவிட்டேன்.