ராஜபாளையத்து ரோலரும் திருவண்ணாமலை ஏற்றமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை எப்படிப் போவது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். (தீபம் ஏற்றுகிற பெரிய திருவண்ணாமலை இல்லை. இது பெருமாள் நிற்கிற சின்ன மலை. வேறு பஸ்ஸில் ஏறிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.) நான் முதன்முதலாக அங்கே போனது எண்பதுகளின் கடைசியில். மலையில் இருந்த நேரத்தைவிட, போக முடியாமல் தவித்த நேரம்தான் அதிகம். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்போது எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. துணி காயவைக்கும் மெஷின்களில் நீராவி பாய்ந்து சூடாகும் பெரிய இரும்பு ரோலர்கள் இருக்கும். தேய்ந்துபோனதைக் கழற்றிப் புதியதை மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி கோமதி ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர், அங்கேயே வாடகை வீடு. மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் பெரிய விஷயம். புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை சேர்ந்து மலையேற வேண்டும் என்று கேட்டிருந்தாள். அதற்கு முன் இரண்டு சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றியிருந்தேன்.

"இந்தத் தடவையும் வரலைன்னா நான் பாட்டுக்கு ஏறிட்டு வந்திருவேன். பொறவு உங்களைக் கூப்பிட மாட்டேன்" என்றாள், கோபமே இல்லாமல். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த ஊரான ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஆலையில் ரோலர் மாற்றும் வேலை அமைந்தது. எனக்கு லாட்டரி அடித்த மாதிரி. வியாழன் இரவு கிளம்பி மதுரையில் பஸ் மாறினேன். மதுரையிலிருந்து ராஜபாளையம் எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், அன்றைய வண்டியில் இரண்டரை மணி நேரம். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நின்றது. அவள் வீடு நடக்கிற தூரம்தான். ஆனால் காலை ஷிப்டுக்கு நான் ஆலையில் இருக்க வேண்டும். விசில் ஊதி வண்டி நகர்ந்தபோது, இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. அவளைத் தாண்டிப் போய்விட்டு அவளிடம் திரும்பி வர வேண்டும் என்பது என்ன கணக்கோ!

வெள்ளிக்கிழமை பாதிச் சூடு ஆறியதுமே பழைய ரோலரைச் செயின் பிளாக் கட்டி இறக்கினோம். அதன் மூட்டில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை, அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்பதால், பறக்காமல் நனைத்து, பையில் கட்டித் தனியாக வைக்கச் சொன்னேன். "சாரு கயித்தைக் குளிப்பாட்டச் சொல்லுதாரு" என்று ஃபிட்டர் மாடசாமி சிரித்தார். புது ரோலரைப் பொருத்தி முடிக்க நேரமாகிவிட, ஆலையிலேயே படுத்தேன். வாசலில் போகிற ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஒவ்வொன்றின் ஹாரனும் கேட்டது. பதினொரு கிலோமீட்டர் என்பது சில நாள் ரொம்பப் பெரிய தூரம்.

சனிக்கிழமை காலை ஆவி விட்டுப் பார்த்தோம். புது ரோலர் ஒழுங்காகச் சுற்றியது. பத்து மணிக்கு மலையடிவாரத்தில் இருப்பேன் என்று கோமதியிடம் சொல்லியிருந்தேன். பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், பழைய ரோலர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கிடந்தது. புதுப் பச்சைப் பெயிண்ட், சந்தனம், குங்குமம், மாலை.

"எம்புட்டு வருசம் சோறு போட்டுச்சு சார். அழுக்கோட அனுப்பலாமா?" என்றார் மாடசாமி.

ஆயுத பூஜைக்காகத் தரையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். துருத்தண்ணீர் வழிந்து கோலம் கெடக்கூடாது என்று, முந்தின நாளே சூடு ஆறுவதற்குள் ரோலரின் இரண்டு பக்க ஓட்டையிலும் தகடு வைத்து வெல்டிங் அடித்துவிட்டார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் அனுப்பிய அந்தோணி, அதைத் துண்டு போட கேஸ் கட்டருடன் வந்து நின்றார். அவர் ரோலரை உருட்டியதும் உள்ளே சளக்கென்று தண்ணீர் சத்தம்.

"வெட்டாதீங்க. உள்ளே தண்ணி கிடக்கு, ஆவி வெளியே வர வழி இல்லை. நாலு பக்கமும் அடைச்ச பானையை அடுப்பில் வைக்கிற மாதிரி. வெடிச்சிரும்" என்றேன்.

"காத்து வால்வு இருக்குல்லா சார்" என்றார் மாடசாமி. குனிந்து பார்த்தோம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அடித்த பெயிண்ட் அந்த வால்வை மொத்தமாக மூடியிருந்தது.

"இது மாதிரி எம்புட்டோ அறுத்தாச்சு. லாரி நிக்குது சார்" என்றார் அந்தோணி.

"நீங்க போங்க சார், பஸ் வருது. நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் மாடசாமி.

போனேன். பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்துத் திரும்பிப் பார்த்தேன். அந்தோணி சிலிண்டரில் ஹோஸை மாட்டிக்கொண்டிருந்தார். அடுத்த பஸ்ஸும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன். அழுகை வராத குறை.

தகட்டில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடித்த பிறகுதான் வெட்ட வேண்டும் என்று அந்தோணியை நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கையால் சுற்றுகிற டிரில்லை வைத்துத் தகட்டில் மணிக்கணக்காக மாறி மாறிக் குடைந்தோம். ஓட்டை விழுந்ததும் தண்ணீர் பீச்சும் என்று எல்லாரும் தள்ளி நின்றால், உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. சூட்டோடு அடைத்தது ஆறியதில் உள்ளே வெற்றிடம். கீழே இன்னொரு ஓட்டை போட்டதும் துருத்தண்ணீர் கோலம் முழுக்க ஓடியது. அந்தோணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல சொல்ல மாட்டேன் சார். சொன்னா நாளையிலேர்ந்து எம் பொண்டாட்டி வேலைக்கு விட மாட்டா" என்றார்.

ரோலரைச் சாய்த்து, கடைசிச் சொட்டுவரை வடித்து, வால்வைக் கழற்றிய பிறகுதான் கிளம்பினேன். பஸ் டிக்கெட் ஒன்றேகால் ரூபாய் என்று ஞாபகம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலை நாலு கிலோமீட்டருக்குள்தான். வேனில் தொங்கிக்கொண்டு போய் இறங்கும்போது மணி நாலு.

கோமதி அடிவாரத்தில் ஒரு மர நிழலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் திருமண், தலையில் துளசி மணந்தது.

"ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். என் கையில் இருந்த கிரீஸைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்த அறுக்கிற ஆளுக்கு வீட்டுல யாரு இருக்கா?"

"பொண்டாட்டி இருக்கா."

"அப்ப அவ இன்னைக்கு ராத்திரி அவரோட உக்காந்து சாப்பிடுவா. வாங்க, ஏறுவோம்" என்று எழுந்தாள்.

சின்ன மலைதான். நான்தான் வேண்டுமென்றே மெதுவாக ஏறினேன். மேலே காற்று நன்றாக இருந்தது. அவள் தோள் என் மேல் இடித்துக்கொண்டே வந்தது. அந்த ஒரு மணி நேரம் இப்போது கிடைத்தாலும் வாங்கிக்கொள்வேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானம் படி சுடும். தண்ணீர் கொண்டு போங்கள். கூட்டத்தில் தொலைந்தால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். என் தொழில்காரர்கள் யாராவது படித்தால்: பழைய ரோலரின் வாயை அடைத்து அனுப்பாதீர்கள். பெயிண்ட் அடிக்கும்போது வால்வை விட்டுவிடுங்கள். மற்றபடி சந்தனம் வைப்பதில் தப்பில்லை.

முடிந்தால் அன்றைக்கே திரும்பாமல் ஒரு ராத்திரி தங்குங்கள். எனக்கு ஞாயிறு காலை கோவையில் இன்னொரு ஆலை. இருட்டுவதற்குள் மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டேன். கோமதி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வண்டியோடு கொஞ்ச தூரம் நடந்து வந்தாள். அன்று ராத்திரி அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள்.