நாத்தனார் ஒட்டி வைத்த என் கல்யாணப் பத்திரிகை

எங்கள் கல்லூரி நூலகத்தில் பழைய மாணவிகளின் காகிதங்களைப் பாதுகாக்கத் தனி அறை ஒதுக்கினார்கள். முதலில் கேட்டது என் நாத்தனாருடையதை. அவள் மேல்படிப்புக்கு அமெரிக்கா போயிருந்தாள். அவளுடைய ஸ்க்ராப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

“நீயும் அங்கே படிச்சவதானே, அவா ஏதாவது கேட்டா பதில் சொல்லத் தெரியும்” என்றார் மாமியார். “கொழந்தை கை வைக்காம பாத்துக்கோ.”

நானும் அங்கே படித்தவள்தான். அவளுக்கு ஒரு வகுப்பு மேலே. பேச்சுப் போட்டியில் அவளை ஜெயித்தவள். போட்டி முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்காத்துக்கு ஒரு நாள் வாங்கோளேன்” என்று மாட்டுங்காவில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். அண்ணாவுக்குப் பெண் பார்க்கத்தான் என்று பிறகுதான் தெரிந்தது. நான் எம்.ஏ. சேருவதற்குள் கல்யாணம் ஆயிற்று. அவளோ ‘இப்போ வேண்டாம்’ என்று சொல்லிச் சொல்லியே கப்பல் ஏறினாள். என் கணவர் நல்லவர், ஒரு சொல் கடிந்ததில்லை. இருந்தாலும் அவளிடமிருந்து ஏர்மெயில் வரும் நாளில் எனக்குச் சோறு இறங்காது.

வி.டி. ஸ்டேஷனுக்குப் போகும் லோக்கல் ரயிலில் குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். பையிலிருந்த புத்தகத்துக்கு ஏதாவது ஆனால், வேண்டுமென்றே விட்டேன் என்றுதான் எனக்கே தோன்றும்.

நூலகத்தில் நான் படித்தபோது இருந்த அதே நூலகர், செம்பூரிலிருந்து வரும் அம்மாள்.

“அவளை நன்னா ஞாபகம் இருக்கு. நீங்க அவளுக்கு?”

“மன்னி” என்றேன். என்னை ஞாபகம் இல்லை போலிருக்கிறது.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாடக நோட்டீஸ், லோக்கல் ரயில் பாஸ், பிக்னிக் போட்டோக்கள். நடுவில் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை. என் பெயருக்குப் பின்னால் அப்பா பிடிவாதமாகப் போடச் சொன்ன ‘பி.ஏ.’ கீழே சிவப்பு மையில் அவள் கையெழுத்து: ‘அண்ணாவுக்கு நான் பிடித்துக் கொடுத்த மன்னி.’

அவள் ஆசையாகத்தான் எழுதியிருக்க வேண்டும். எனக்குக் காது சுட்டது. இனி இந்த அறையில் நான் இருக்கப்போவது அவள் பிடித்த ஒரு பொருளாக.

“இது வீட்டு விஷயம். உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கலாம்” என்றார் அம்மாள். “பி.ஏ.ன்னு போட்டிருக்கே. எந்தக் காலேஜ்?”

“இதேதான். பேச்சுப் போட்டிக் கோப்பை வாங்கியிருக்கேன்.”

“அடடா! அப்ப உங்க பேப்பரையும் கொண்டு வாங்களேன். நாங்க யாரைன்னு தேடிப் போவோம்?”

“கொண்டு வரேன்” என்று சொல்லிவிட்டேன். என்னிடம் என்ன இருந்தது? பத்திரிகையை மெதுவாக உரித்து என் பையில் வைத்துக்கொண்டேன். அவளைக் கேட்காமல் எடுப்பது சரியா என்ற எண்ணம் வெளிவாசல் வரை கூடவே வந்தது. திரும்பிப் போய் வைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் மாட்டுங்கா வண்டியை விட்டுவிட்டு ஹார்பர் லைன் ரயிலில் ஏறி வடாலாவில் அம்மா வீட்டுக்குப் போனேன்.

“சொல்லாம கொள்ளாம வந்திருக்கியே, ஆத்துல சண்டையா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா. என் காலேஜ் பேப்பரெல்லாம் எங்கே?”

“பாதிய பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு. மீதி கட்டிலடி டிரங்குல கிடக்கும். இப்போ எதுக்குடி அது?”

குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கட்டுரைகள் சில, ஹால் டிக்கெட், மூலை மடிந்த ஒரு குரூப் போட்டோ. எல்லாவற்றையும் அடுக்கிக் கையால் அமுக்கிப் பார்த்தேன். அவளுடையதில் பாதிகூட இல்லை. நேரே வீடு திரும்பாததற்கு மாமியாருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, கட்டுவதற்குக் கயிறு கேட்டேன்.