அபித் கடித்துப் போன ரொட்டி

மஹினூரின் அடுப்பங்கரைச் சுவரில் ஒரு துணிப்பை தொங்குகிறது. உள்ளே பாதி ரொட்டி. அவள் புருஷன் அபித் கடித்துவிட்டுப் போனது. மூன்று குளிர்காலம் கண்டு கல்லாய் இறுகிக் கிடக்கிறது.

அபித் சீனாவின் வடமேற்கே உரும்ச்சி நகரில் பல்கலைக்கழக வாத்தியார். விடுமுறை வந்தால் போதும், ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தங்கள் உய்குர் இனத்தாரின் பாட்டும் வழக்கமும் சேகரிக்கத் தெற்கே கிளம்பிவிடுவார். "கிழவிங்க பாட்டுக்கு இருக்கிற மவுசு உனக்கு இல்லடி!" என்று எதிர்வீட்டு ஹெலிமெ சீண்டுவாள். மஹினூரும் விடமாட்டாள். "நானும் கிழவியானதும் என்னையும் பதிஞ்சுக்குவாரு, போடி!"

பயணம் கிளம்புகிறவர் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும். சுவரில் தொங்கும் மிச்சம் அவரைத் திரும்ப இழுத்து வந்துவிடும். இது மஹினூருக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். இனி வரவே மாட்டார் என்றானால் அந்த ரொட்டியை நொறுக்கிப் பறவைக்குப் போட்டுவிடுவார்கள் என்பதை அபித்தான் ஏதோ ஒரு கிராமத்தில் பதிந்து வந்து சொன்னார்.

பாட்டுச் சேர்த்தது குற்றமாம். தூ! பாட்டு யார் குடியைக் கெடுத்தது? காலைத் தேநீரில் ரொட்டியைத் தோய்த்துக் கடித்துக்கொண்டிருந்தவரை போலீஸ்காரர்கள் அப்படியே எழுப்பிக் கூட்டிப்போனார்கள். மிச்சத்தை அவள் எடுத்து மாட்டினாள். ஆனால் பசிக்குக் கடித்தது பயணத்துக்குக் கடித்ததாகுமா? அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே மனிதர் சிறையில் இருந்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்தத் தெருவில் அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஹெலிமெகூட அவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறாள். பேச ஆளில்லாமல் மஹினூர் தேநீர்க் கெண்டியோடு பேசுகிறாள். ஜன்னலில் வந்து உட்காரும் புறாக்களைத் திட்டுகிறாள். "என்னத்தப் பாக்குற? அது உனக்கில்ல."

இந்த வசந்தத்தில் குடியிருப்பு அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். திரையில் அபித், எலும்பும் தோலுமாக. சீனத்தில்தான் பேச வேண்டும், வீட்டு விஷயம் மட்டும் பேச வேண்டும் என்றார் பக்கத்தில் நின்ற அதிகாரி. மஹினூருக்குத் தெரிந்தது சந்தையில் பேரம் பேசும் சீனம்.

"நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன்."

"அன்னைக்கு நீங்க கடிச்சு வெச்ச ரொட்டி இருக்குங்க. வெச்சிருக்கலாம்ல?"

"பழசாயிடுச்சு, மஹினூர். பறவைக்குப் போட்டுடு."

எத்தனை வருஷத் தண்டனை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது தெரிந்துவிட்டது. அழுதால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

"பறவையா? இந்த வருஷம் ஒண்ணுகூட வரலீங்க," என்றாள்.

அவர் அவளையே பார்த்தார்.

"அப்ப இருக்கட்டும்," என்றார்.

வீட்டுக்கு வந்தாள். ஜன்னலில் புறாக்கள் வரிசையாகக் காத்திருந்தன. கோட்டைக்கூடக் கழற்றாமல் போய் ஜன்னலைச் சாத்தினாள்.