கை நனைக்காத விரியாமு

மாத்தாய் என்பது கப்பலின் பெயர். தெகாவா தீவுக்கு அது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வரும். வரத் தாமதமானால் ஊரில் முதலில் மாவு தீரும், பிறகு சர்க்கரை தீரும், அதற்குப் பிறகு பொறுமை தீரும். கப்பலுக்கு ஒரு கேப்டன் உண்டு. தொப்பியெல்லாம் வைத்திருக்கிறார், பாவம். ஆனால் கரையில் நிற்கிறவர்கள் யாரும் கேப்டன் வந்தாச்சா என்று கேட்டதில்லை. விரியாமு வந்தாச்சா என்றுதான் கேட்பார்கள்.

விரியாமு சரக்குக்குப் பொறுப்பானவர். பப்பேத்தே பட்டணத்தில் ஏற்றிய அரிசியும் மாவும் டின் மாட்டிறைச்சியும் மண்ணெண்ணெயும் அந்தந்தத் தீவில் சேதமில்லாமல் இறங்க வேண்டும். தீவில் காய்ந்த கொப்பரை எடை போடப்பட்டுக் கப்பலில் ஏற வேண்டும். இது கம்பெனி கொடுத்த வேலை. ஊர் கொடுத்த வேலை தனி. கல்யாணத் துணி, பாதிரியாருக்கு மூக்குக்கண்ணாடி, கயிற்றால் பாதத்தை அளந்து கயிற்றையே கொடுத்தனுப்பி வாங்கிவரச் சொன்ன செருப்பு, எல்லாம் அவர் தலையில்தான். ஊர்த்தலைவர் தபுனியின் பொய்ப்பல்லைக்கூட அவர்தான் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். அந்தப் பல்லை மாட்டிக்கொண்டு தபுனி முதலில் செய்த காரியம், இவ்வளவு லேட்டாகக் கொண்டுவந்ததற்கு விரியாமுவை வைததுதான்.

ஆள் கட்டை, குட்டை. நடுமுடி கொட்டிப் போயிற்று. அதை மறைக்கப் தாழையோலைத் தொப்பி. இளவயதில் ஒரு கல்யாணம் ஆகி, அந்தப் பெண் பப்பேத்தேயில் ஒரு போலீஸ்காரனோடு போய்விட்டாள். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். நான் கடலில் இருந்தேன், அவன் தெருமுனையில் இருந்தான், அவள் என்ன செய்வாள் என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் மனசு கஷ்டமாக இருக்கும்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்தத் தீவிலும் யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டார். அவருக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவன் ஒரு வீட்டில் பன்றி விருந்து சாப்பிட்டுவிட்டு மறுநாள் அந்த வீட்டுக் கொப்பரையை எடை போட்டான். தராசு சரியாகத்தான் காட்டியிருக்கும். ஆனாலும் ஊர் நம்பவில்லை. கைகலப்பாகித் தராசையே கடலில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அடுத்து வந்தவர் விரியாமு. வந்த அன்றே கரையில் நின்று, உங்கள் எல்லார் மூட்டையையும் தூக்கிப் பார்க்கிற கை இது, யார் தட்டிலும் விழாது என்று சொல்லிவிட்டார்.

சொன்னபடியே இருந்தார். மத்தியானம் ஆனால் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கொண்டுவந்த ரொட்டியையும் டின் இறைச்சியையும் தின்பார். முதலில் பெண்களுக்கு ஒரே ரோஷம். நம்ம சோறு அவ்வளவு மட்டமா என்றார்கள். பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. மற்ற கப்பல்காரர்கள் பற்றிப் பேச்சு வந்தால், எங்கள் விரியாமு இளநீர்கூடக் குடிக்க மாட்டார் தெரியுமா என்பார்கள். இளநீர் விஷயத்தில் மட்டும் ஊரில் இரண்டு கட்சி. இளநீர் கடவுள் கொடுத்தது, குடிக்கலாம் என்பது பாதிரியார் கட்சி. கடவுள் கொடுத்தாலும் மரம் யாருடையது என்று விரியாமு கேட்டார். பாதிரியார் தன் இளநீரைத் தானே குடித்தார்.

இந்தக் கொள்கையால் யாருக்கும் நஷ்டமில்லை, விரியாமுவைத் தவிர. ஏனென்றால் தெகாவாவில் ருயித்தா என்று ஒருத்தி இருந்தாள்.

ருயித்தாவின் புருஷன் முத்துச்சிப்பிக்கு மூழ்கப் போய் மேலே வராதவன். அதற்குப் பிறகு அவள் தானே தேங்காய் பொறுக்கி, தானே பிளந்து, தானே காயவைத்து மூட்டை கட்டினாள். அவள் கொப்பரையில் ஈரம் இருக்காது, மண் இருக்காது, அவள் பேச்சில் தயவும் இருக்காது. எடை போடும்போது எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் நிற்பார்கள். அவள் கடைசியில் வந்து நிற்பாள். ஒவ்வொரு தடவையும் கடைசி. பின்னால் ஆள் இல்லையென்றால் மூட்டை தராசை விட்டு இறங்கிய பிறகும் இரண்டு வார்த்தை பேசலாம். அந்த இரண்டு வார்த்தையில் விரியாமு கேட்பது, போன தடவை கொண்டுவந்த நூல் சாயம் போகாமல் இருக்கிறதா என்பதுதான். ஊரெல்லாம் அவிழ்த்துவிட்ட வாய், அவள் எதிரில் பசை போட்டு ஒட்டினது மாதிரி ஆகிவிடும். அவளும் பாவம், ஒன்றும் கொடுக்க முடியாது. ஒரு துண்டு மீன் கொடுத்தால் லஞ்சம், ஒரு சட்டை தைத்துக் கொடுத்தால் லஞ்சம். இப்படியே வருஷங்கள் ஓடின. ஊருக்கே தெரிந்த சங்கதி, அவர்கள் இரண்டு பேரும் மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத சங்கதி.

இதற்கிடையில் மாகெரே தீவில் எத்தேரா என்று ஒருவர், பெண்டாட்டியை இழந்தவர், முத்துப் பண்ணை வைத்திருப்பவர், ருயித்தாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். நல்ல மனிதர். அதுதான் தொல்லை. தீவுக்குத் தீவு பேசுகிற ரேடியோவில் பெண் கேட்டால் சுற்றியுள்ள தீவெல்லாம் உட்கார்ந்து கேட்கும் என்று, தன் அக்காவிடம் சொல்லியனுப்பினார். அக்கா கப்பலடிக்கு வந்து, நம்பிக்கையான ஆள் என்று விரியாமுவிடமே சொல்லியனுப்பினாள்.

விரியாமு அந்தக் கேள்வியையும் மற்ற சரக்கைப் போலவே சேதமில்லாமல் கொண்டுவந்து இறக்கினார். மாவு மூட்டையைக் கொடுத்தார், விளக்குத் திரியைக் கொடுத்தார், எத்தேரா கேட்டதைச் சொன்னார். ருயித்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“அவர் கேக்குறாரு. சரி. நீங்க என்ன சொல்றீங்க?” என்றாள்.

“நான் என்ன சொல்றது. நல்ல மனுஷர். வீட்டுக்குத் தகரக் கூரை போட்டிருக்காரு.”

“கூரையையா கட்டிக்கப் போறேன்?” என்று கேட்டுவிட்டு, அடுத்த கப்பலில் பதில் சொல்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டாள்.

அந்த மூன்று வாரமும் விரியாமுவுக்குச் சோறு இறங்கவில்லை. அவளைக் கேட்பதென்றால் வெறுங்கையோடு கேட்க முடியாது. அவள் வீட்டு வாசலை மிதித்து, அவள் சமைத்ததைத் தின்று, அந்த வீட்டு மனிதனாக ஆக வேண்டும். ஆன மறுநிமிஷம் அவர் தராசடியில் உட்கார லாயக்கில்லாதவர். தன் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் என்று அவர் நினைத்தது, அந்தத் தராசை யாரும் சந்தேகிக்காததுதான். தராசை விடுவதா, ருயித்தாவை விடுவதா என்று நினைத்து நினைத்துத் தன் அறையில் வாய்விட்டே பேசிக்கொண்டார். பக்கத்து அறையில் படுத்திருந்த அவருடைய உதவியாள் மத்தேயோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்காதவன் மாதிரி குறட்டை விட்டான்.

கப்பல் தெகாவாவுக்கு வந்த காலையில் கரையில் ஒரு மூட்டைகூட இல்லை. கொப்பரை எல்லாம் காயப்போட்ட இடத்திலேயே குவியலாகக் கிடந்தது. தபுனி பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார். ஆட்களுக்கெல்லாம் இடுப்பு வலி என்றார். எல்லாருக்குமா என்று விரியாமு கேட்டார். எல்லாருக்கும்தான், காற்று அப்படி என்றார் தபுனி.

“நாளைக்குக் கட்டிக்கலாம்ப்பா. ஒரு ராத்திரி தங்கிட்டுப் போனா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு? ஒரு ராத்திரியில எவ்வளவோ பேசலாம்.”

அவரை ருயித்தாவோடு பேசவைக்கத்தான் இத்தனையும் என்று அப்போதுதான் விரியாமுவுக்கு விளங்கியது. பாறைக்குப் பின்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. காது வரை சிவந்துபோனார். வெட்கம் வந்தால் அவருக்குக் கூடவே கோபமும் வரும்.

“மாகெரேயில மாவு தீந்து ஒரு வாரமாச்சுன்னு ரேடியோவில சொல்றாங்க. உங்க புள்ளைங்க வயிறு மட்டும்தான் வயிறா?” என்றவர் சட்டையைக் கழற்றினார், ஒரு சாக்கை உதறினார், குனிந்து தானே கொப்பரையை அள்ளிப் போட ஆரம்பித்தார். தொப்பை குலுங்க அவர் அள்ளுவதைப் பார்த்துச் சிறிது நேரம் சிரித்தார்கள். பிறகு சிரிக்க முடியவில்லை. எத்தேராவின் ஊருக்கு மாவு கொண்டுபோக இந்த மனுஷன் இப்படி வேர்க்கிறாரே என்று தபுனிக்கே சங்கடமாகிவிட்டது. கிறுக்குப் பயல் என்று முணுமுணுத்துக்கொண்டு அவரும் ஒரு சாக்கை எடுத்தார். இடுப்பு வலி எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சரியாயிற்று.

இந்தச் சதியில் சேராத ஒருத்தி ருயித்தாதான். அவளுக்கு யாரும் சொல்லவில்லை, சொன்னால் உதைப்பாள் என்று பயம். அவள் மூட்டைகள் முந்தின நாளே கட்டித் தயாராக இருந்தன. வழக்கம்போலக் கடைசியில் வந்து நின்றாள். நல்ல கவுன் உடுத்தியிருந்தாள். எந்தக் காதிலும் பூ இல்லை; அந்தத் தீவுகளில் இடக்காதில் பூ வைத்தால் பேசியாயிற்று, வலக்காதில் வைத்தால் இன்னும் இல்லை என்று அர்த்தம்.

மூன்று கழிகளைக் கூட்டி நட்டு, அதில் தராசு தொங்கியது. விரியாமு பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஊரின் மூட்டையெல்லாம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் படகுக்குப் போய்விட்டது. ருயித்தாவின் முதல் மூட்டையை மத்தேயோ கொக்கியில் மாட்டக் கொண்டுவந்தான்.

விரியாமு கையை நீட்டி அவனைத் தடுத்தார். பெட்டியிலிருந்து எழுந்தார்.

“இதை நான் எடை போட மாட்டேன்,” என்றார்.

அவர் ஒருவருடைய கொப்பரையை வேண்டாமென்று சொல்லி யாரும் கேட்டதில்லை. ருயித்தாவின் முகம் கறுத்தது.

“ஏன்? ஈரமா இருக்கா?”

“இல்ல.”

“மண்ணு கலந்திருக்கா? பிரிச்சுப் பாருங்க. எல்லார் முன்னாலயும் பிரிச்சுக் கொட்டிப் பாருங்க.” சொல்லும்போதே மூட்டையின் வாயை அவிழ்க்கக் குனிந்துவிட்டாள். “இத்தனை வருஷமா ஒரு கல்லு, ஒரு சிரட்டை இருந்திருக்குமா? நான் அடுத்த தீவுக்குப் போயிடுவேன்னு நினைச்சு இப்படி அவமானம் பண்றீங்களா?”

“ருயித்தா, கொஞ்சம் சும்மா இருங்க,” என்றார் விரியாமு. அவளைப் பார்த்து அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் நிமிர்ந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தார். வழுக்கை வேர்த்திருந்தது.

“கொப்பரையில ஒரு குறையும் இல்ல. உங்க வீட்டுல சாப்பிடணும்னு எனக்கு ஆசை. இன்னைக்கு மட்டும் இல்ல, வர்றப்பல்லாம். அப்படிச் சாப்பிடுறவன் உங்க மூட்டையை நிறுக்கக் கூடாது. இந்த ஊர் மூட்டை எதையுமே இனிமே நிறுக்கக் கூடாது. மத்தேயோ நிறுப்பான்.”

ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, அடுத்து எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தராசைப் பார்த்தார். மத்தேயோ ஏற்கனவே பெட்டியில் உட்கார்ந்துவிட்டான். எங்கள் மூட்டையை எல்லாம் நிறுத்து முடித்த பிறகு சொல்கிறானே, எவ்வளவு நல்ல மனுஷன் என்று தபுனி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். இனி இந்த மத்தேயோவை நம்பிக் கொப்பரை போட வேண்டுமே என்ற கவலையும் அவர் குரலில் இருந்தது.

ருயித்தா மூட்டையின் வாயைத் திரும்பக் கட்டினாள். நிதானமாக, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். அழுகையை அடக்க அவளுக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது.

“மீன் இருக்கு. தேங்காய்ப்பால் பிழிஞ்சு வச்சிருக்கேன். சோறுதான் இனிமே வைக்கணும். கப்பல் நிக்குமா?” என்றாள்.

“நிக்காது. மாகெரேக்குப் போகணும்.”

“நிக்க வேணாம். நிக்கச் சொல்லி நான் கேட்கவும் மாட்டேன். சோறில்லாம மீன் மட்டும் சாப்பிட்டுப் போங்க. அடுத்த தடவை சோறு.”

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். விரியாமு பின்னால் போனார். பாதி வழியில் அவருக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது. என்னதான் இருந்தாலும் ஒரு சரக்கை ஒப்படைக்காமல் விட்டதில்லை அவர்.

“எத்தேராவுக்கு என்ன பதில் சொல்லட்டும்? அந்த அக்கா கப்பலடியில வந்து நிப்பாங்க.”

ருயித்தா திரும்பி நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். இந்த ஆளோடுதான் இனி காலம் தள்ள வேண்டுமா என்று நினைத்தாளோ என்னவோ, சிரிப்பு வந்துவிட்டது.

“விரியாமு எங்க வீட்டுல சாப்பிட்டாருன்னு சொல்லுங்க. அவங்களுக்குப் புரியும்.”