தோலில் ஒன்றுமில்லை

குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் வீடு இருந்தால் ஒரு தொல்லை உண்டு. ஆனி பிறந்ததும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நம்மேல் திடீர்ப் பாசம் வந்துவிடும். "அத்த, நல்லா இருக்கியளா? அருவியில தண்ணி விழுதா?" என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். முதல் கேள்விக்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அடுத்த சனிக்கிழமை வாசலில் கார் நிற்கும். மாவு ஆட்டுவது, பாய் விரிப்பது, ஈரத்துண்டுகளைக் காயப்போடுவது, பெண்களைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போவது எல்லாம் என் தலையில்.

அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. நானே ஒரு அருவிப் பைத்தியம். ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்றேன் என்றால் யாராவது கையைப் பிடித்து இழுத்தால்தான் வெளியே வருவேன்.

ஒரு சீசனில் எல்லாம் மாறியது. குளித்துத் துவட்டி, சேலை மாற்றிக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தேன். தொடையிலும் முதுகிலும் அரிக்கத் தொடங்கியது. சாதாரண அரிப்பு இல்லை. தோலுக்கு அடியில் யாரோ ஊசியால் குத்திக்கொண்டே போவது மாதிரி இருந்தது. சொறியச் சொறிய அடங்கவில்லை. வீடு வந்து சேரும்வரை பாடாய்ப் படுத்திவிட்டுத் தானாகவே போய்விட்டது. கூட்டத்தில் யாரிடமிருந்தாவது ஒட்டிக்கொண்ட சொறி படையாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் குளித்தபோதும் அதே அரிப்பு. அதற்குப் பிறகு குளிக்காத நாளில்தான் எனக்கு நிம்மதி.

சோப்பை மாற்றினேன். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவச் சொன்னேன். வேப்பிலையைக் கொதிக்கவைத்து ஊற்றிப் பார்த்தேன், இன்னும் மோசமானது. தென்காசியில் ஒரு தோல் டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தடிப்பு இல்லை, ஒரு புள்ளி இல்லை. "தோல்ல ஒண்ணுமில்லம்மா. டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி ஒரு லோஷன் எழுதிக் கொடுத்தார். கூட வந்திருந்த என் கணவர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த சீசனுக்கு விருந்தாளிகள் வந்தபோது, நான் அருவிக்கு வரவில்லை என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். கணவர் சிரித்துக்கொண்டே தன் அக்காவிடம் சொன்னார். "டாக்டரே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு. ஆளுக வந்தாப் போதும், இவளுக்கு உடனே அரிக்கும். நடிக்கா."

அக்கா சிரித்தாள். அக்காவின் மருமகளும் சிரித்தாள். நான் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அரிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. ஊரே என்னைப் பொய்க்காரி என்று சொல்லியிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். என்னுடன் குடும்பம் நடத்துகிற மனிதர் அல்லவா சொன்னார்.

அன்றிலிருந்து மறைக்கத் தொடங்கினேன். குளித்து முடித்ததும் கதவைத் திறக்க மாட்டேன். பூசாத சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். வெளியிலிருந்து "இன்னுமா குளிக்க?" என்று குரல் வரும். "வாரேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்ப்பேன்.

நோயாளி மாதிரி வெளுத்து மெலிந்திருந்தால் யாராவது நம்பியிருப்பார்கள். எனக்கோ முகம் நாளுக்கு நாள் சிவந்துகொண்டே போனது. உள்ளங்கைகூட மருதாணி வைத்தது மாதிரி இருக்கும். "குத்தாலத் தண்ணி உங்க உடம்புல நல்லாப் பிடிச்சிருக்கு டீச்சர்" என்பார்கள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒருமுறை ரத்ததான முகாம் வைத்தார்கள். மற்ற டீச்சர்களை எல்லாம் ரத்தம் போதாது, முருங்கைக்கீரை சாப்பிடுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஹீமோகுளோபின் பதினேழு. சோதித்த பெண் வாயைப் பிளந்தாள். "ஆம்பளையளுக்கே இவ்வளவு இருக்காது டீச்சர்!" அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடிக்கடி வந்துகொண்டிருந்த தலைவலிகூட ரத்தம் கொடுத்த பிறகு கொஞ்ச நாள் இல்லை. புண்ணியம் செய்த பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் ரத்தம் எனக்குச் செய்த துரோகம் இதுதான். உள்ளே கெட்டுக்கொண்டே வெளியே கன்னத்தில் சிவப்பைப் பூசி, ஊரையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தது.

பிறகு கால்விரல்கள் எரிந்தன. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது. வயசாகிறது என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது இடது கண் இருட்டிக்கொண்டு வந்து, கொஞ்ச நேரம் கழித்துத் தெளிந்தது. கண் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ரிசல்ட்டைப் பார்த்ததும் திருநெல்வேலிக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அங்கே இருந்தது ஒரு இளவயது லேடி டாக்டர். என் உள்ளங்கையைப் பார்த்தார். இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். பிறகு சர்வசாதாரணமாகக் கேட்டார். "குளிச்சதும் உடம்பு அரிக்குமாம்மா? தோல்ல ஒண்ணுமே தெரியாம?"

நான் உடைந்து அழுதுவிட்டேன். நோய்க்காக அழுகிறேன் என்று நினைத்துத் தேற்றினார். நோயின் பெயரையே அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. என் கணவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு சோதனையும் முடிந்த பிறகுதான் உறுதியாகச் சொன்னார். சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகி ரத்தம் கெட்டியாகிற நோய், ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. மெதுவாக நகர்வது. மாத்திரை சாப்பிட வேண்டும், அவ்வப்போது ஒரு பை ரத்தத்தை எடுத்துவிட வேண்டும், இப்படியே பல வருடம் இருக்கலாம். எடுக்கிற ரத்தத்தை யாருக்கும் ஏற்ற மாட்டார்களாம், அழித்துவிடுவார்களாம். எப்போது தொடங்கியிருக்கும் என்று கேட்டேன். "அரிப்பு எப்ப ஆரம்பிச்சுது?" என்று திருப்பிக் கேட்டார்.

காரில் திரும்பும்போது என் கணவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். தப்பா நினைச்சிட்டேன் என்று சொன்னால் போதும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆலங்குளம் தாண்டியது. பாவூர்சத்திரத்தில் வண்டியை ஓரம்கட்டி, "டீ குடிக்கியா?" என்று கேட்டார்.

குறை சொல்லக் கூடாது, மாத்திரையை வேளாவேளைக்கு எடுத்துத் தருகிறார். அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை.

இந்தச் சீசனுக்கும் அதே அக்கா, அதே மருமகள் வந்தார்கள். ஹாலில் எல்லாரும் மங்குஸ்தான் உடைத்துத் தின்றுகொண்டிருந்தபோது என் நோயைப் பற்றிப் பேச்சு வந்தது. இவர் வாத்தியார் மாதிரி விளக்கத் தொடங்கினார். "தண்ணி பட்டா அரிக்கும். இந்த நோய்க்கு அதுதான் முக்கியமான அடையாளம். பெரிய டாக்டர்ட்ட காட்டுவோம்னு நான் அப்பமே சொன்னேன். இவ எங்க கேட்டா?"

"அவ யாரு பேச்சக் கேட்டிருக்கா?" என்றாள் அக்கா.

நான் உள்ளே போய்த் தலைக்குக் குளித்தேன். இந்தத் தடவை கதவைத் தாழிட்டுக்கொண்டு நிற்கவில்லை. தலையில் துண்டோடு ஹாலுக்கு வந்து நடுவில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அது வந்தது. கையைச் சொறிந்தேன். காலைச் சொறிந்தேன். எழுந்து போய், எல்லாரும் பார்க்க, கதவு நிலையில் முதுகைப் போட்டுத் தேய்த்தேன்.

அக்கா பழத்தை அப்படியே கையில் வைத்துக்கொண்டு, "என்னட்டி பண்ணுத?" என்று கேட்டாள்.

"நடிக்கேன் மதினி" என்றேன், அவரைப் பார்த்துக்கொண்டே.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.